இன்னும் ரெண்டு ஓவர்

வலது கை மோதிர விரலின் உட்பக்கத்தில் எனக்கு ஒரு காய்ப்பு உண்டு. லெக் ஸ்பின் போடுகிற எல்லாருக்கும் அந்த இடத்தில் இருக்கும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே பந்தைப் பிடித்திருக்க, மடங்கிய மோதிர விரல்தான் தையலை உரசித் திருப்பிவிடும். நம் ஊரில் ஆடுகிற எஸ்.ஜி. பந்தின் தையல் கையால் போட்டது. நன்றாகப் புடைத்து நிற்கும். புதுப் பந்தோடு ஒரு மணி நேரம் போட்டால் தோல் கிழியும். ஆறும், மறுபடி கிழியும். பிறகு ஒருநாள் கிழிவது நின்று தடித்துப்போகும். லீக் ஆட்டத்தை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும், பையன்களுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பதால் எனக்கு அது மறையவில்லை.

என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களின் விரலில் அந்தக் காய்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருப்பதில்லை. டெஸ்ட் கிரிக்கெட் பிழைக்குமா, ஐ.பி.எல். எல்லாவற்றையும் விழுங்கிவிடுமா, இந்த ஆட்டம் எங்கே போகிறது என்று தெரிந்தவர்கள் கேட்கும்போதெல்லாம், எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மென்மையான விரல்கள்தான்.

நான் திருவல்லிக்கேணிக்காரன். சேப்பாக்கம் மைதானத்தில் கூட்டம் போடுகிற சத்தம் எங்கள் தெரு வரைக்கும் கேட்கும். அப்போதெல்லாம் சென்னை டெஸ்ட் என்றாலே பொங்கல் டெஸ்ட். 1975 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் வந்தபோது சித்தப்பா என்னை அழைத்துப் போனார். தயிர் சாதப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், தலைக்கு ஈரத்துண்டு. ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்தார்; விஸ்வநாத் ஒருவர் மட்டும் ஒரு பக்கம் நின்றார். இந்தியா 190-க்கு ஆல் அவுட். துணைக்கு ஆள் தீர்ந்துபோய் விஸ்வநாத் 97-ல் நாட் அவுட்டாகத் திரும்பி நடந்தார். அவர் அடித்த ஸ்கொயர் கட்களைப் பற்றி வீட்டில் வாரக்கணக்கில் பேசினோம். ஆனால் எனக்குள் தங்கியது அடுத்த நாட்களில் பேடியும் பிரசன்னாவும் போட்ட மெதுவான பந்துகள். அவ்வளவு மெதுவாக வருகிற பந்தை அவ்வளவு பெரிய ஆட்கள் ஏன் அடிக்க முடியாமல் தடுமாறுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. அது புரிய வேண்டும் என்பதற்காகத்தான் பந்தைக் கையில் எடுத்தேன். இந்தியா 100 ரன்னில் ஜெயித்தது.

சென்னையில் லெக் ஸ்பின் என்றால் அன்றைக்கு வி.வி. குமார். 1961-ல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தன் முதல் டெஸ்டின் முதல் இன்னிங்சிலேயே 5 விக்கெட் எடுத்தவர். அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது இன்னும் ஒரே ஒரு டெஸ்ட். ரஞ்சியில் 400-க்கும் மேல் விக்கெட். இந்தியாவுக்கு ஆட வாய்ப்பில்லை என்று தெரிந்த பிறகும் பதினைந்து வருஷம் அதே ஓட்டம், அதே கை, அதே பொறுமையோடு அவர் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை இன்றைய பையன்களிடம் சொன்னால், “ஏன் சார்?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் கேலி கிடையாது. உண்மையிலேயே அவர்களுக்கு விளங்கவில்லை.

எங்கள் கிளப்பில் ஒரு பெரியவர் இருந்தார். தானே ஆடியது இரண்டாம் டிவிஷன் வரைக்கும்தான். ஆனால் ஸ்பின் பற்றி அவரைவிடத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. கல்லூரி மைதானத்தில் மேட் விக்கெட். தேங்காய்நார் மேட்டை இரண்டு பேர் சுருட்டித் தூக்கிவந்து விரித்து, ஓரத்தில் ஆணி அடித்து இழுத்துக் கட்டுவோம். எல்லாரும் பேட்டிங் முடித்துக் கிளம்பிய பிறகு, அவர் என்னை நிறுத்திவைப்பார். நெட்டின் இரண்டு பக்கக் கம்பங்களுக்கும் நடுவே, பிட்ச்சின் பாதியில், ஆள் உயரத்துக்கு மேலே ஒரு சணல் கயிறு கட்டுவார். பந்து அந்தக் கயிற்றுக்கு மேலே போய், பிறகு இறங்கி, குட் லெங்த்தில் விழ வேண்டும். பேட்ஸ்மேன் கிடையாது, ஸ்டம்ப்பும் கிடையாது. கயிறு மட்டும்.

“பந்து அவன் கண்ணுக்கு மேல ஏறணும்டா. கண்ணுக்குக் கீழயே வந்தா அவனுக்கு எல்லாம் தெரியும். மேல ஏறி எறங்கினாத்தான் எங்க விழும்னு அவன் தேடுவான்” என்பார்.

முதலில் கயிற்றுக்கு மேலே போட்டால் ஃபுல் டாஸ் விழும். குட் லெங்த்தில் போட்டால் கயிற்றில் படும். இரண்டும் சேர்ந்து அமைவதற்கு ஒரு சீசன் முழுக்கப் போயிற்று. அதுவும் நெட்ஸில் மட்டும். ஆட்டத்தில் அதே பந்து வருவதற்கு இன்னும் வெகு காலம் ஆயிற்று. அதுவரை நான் அடி வாங்கினேன். மேட்டில் பந்து எழும்பித் திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் ஷார்ட்டாக விழுந்தால் அதே எழுச்சியோடு மைதானத்துக்கு வெளியேதான் போகும்.

இந்த அடி வாங்கும் காலத்தைத்தான் நான் இந்தக் கட்டுரையில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு ஸ்பின்னர் உருவாவது அங்கேதான். அந்தக் காலத்தை ஆட்டம் அவனுக்குத் தருகிறதா, இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு அதைக் கொடுத்தவை இரண்டு. ஒன்று, வேலை. சென்னை லீக் என்பது வங்கிகளும் கம்பெனிகளும் தாங்கிப்பிடித்த ஒரு பெரிய அமைப்பு. கிரிக்கெட் ஆடுகிறவன் என்பதற்காகவே ஒரு வங்கியில் என்னை எழுத்தராக எடுத்தார்கள். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, மதியம் வரைக்கும் கவுன்டர், அப்புறம் நெட்ஸ். சீசனில் பக்கத்து மேஜைக்காரர்கள் என் லெட்ஜரையும் சேர்த்து எழுதினார்கள்; திங்கட்கிழமை வந்தவுடன் எத்தனை விக்கெட் என்று கேட்பார்கள். புரமோஷன் வந்தால் வெளியூர் மாற்றலும் சேர்ந்து வரும் என்பதால், ஆடுகிற வரைக்கும் பரீட்சையே எழுதாமல் எழுத்தராகவே இருந்தவர்கள் எங்களில் நிறைய. அதனால் யாரும் பெரிய பணக்காரர் ஆகவில்லை. ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வந்தது, ஒரு மோசமான சீசன் எங்கள் அடுப்பை அணைக்கவில்லை. முப்பது வயதில் ஒருவன் புதிதாக ஒரு ஃபிளிப்பர் கற்றுக்கொள்ளலாம் என்று நினைக்கும் துணிச்சல் அந்தச் சம்பளத்திலிருந்துதான் வந்தது.

இன்னொன்று, கேப்டன். ஒரு லீக் ஆட்டம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதிர் அணியின் முக்கியமான பேட்ஸ்மேன் என்னை இறங்கி வந்து அடித்துக்கொண்டிருந்தார். லாங் ஆஃபுக்கு மேல் ஒன்று, மிட் விக்கெட்டுக்கு மேல் ஒன்று. வேப்ப மரத்தடியில் குடையோடு உட்கார்ந்திருந்த ஓய்வூதியக்காரர்கள் எழுந்தே விட்டார்கள். ஓவர் முடிந்ததும் தொப்பியை வாங்கிக்கொண்டு நான் பவுண்டரி பக்கம் நடக்கத் தொடங்கினேன். கேப்டன் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“எங்க போற? இன்னும் ரெண்டு ஓவர் போடு.”

“அடிக்கிறான் சார்.”

“தெரியுது. ஒன்னை அடிச்சே தீரணும்னு முடிவு பண்ணிட்டான் இல்ல, அதுதான் நமக்கு வேணும். கயிறைத் தாண்டிப் போடு, வேகத்தைக் கூட்டாத.”

கயிறு விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. அடுத்த ஓவரில் மறுபடி ஒரு நான்கு போயிற்று. அதற்கடுத்த ஓவரில் அதே மாதிரி இறங்கி வந்தவர் பந்தைத் தொடவில்லை. கீப்பர் பெயில்ஸை எடுத்தபோது அவர் கிரீஸிலிருந்து ஒரு கஜம் வெளியே நின்றார். அந்த விக்கெட்டில் என் திறமை பாதி, அந்தக் கேப்டனின் நிதானம் பாதி. அவர் என்னை அன்று பவுண்டரிக்கு அனுப்பியிருந்தால், அடிக்கிறவனுக்கு மெதுவாகப் போடலாம் என்ற பாடத்தை நான் கற்றிருக்கவே மாட்டேன்.

அதே பாடத்தைப் பெரிய அளவில் சேப்பாக்கத்தில் இரண்டு தடவை பார்த்தேன். 1988 ஜனவரியில் நரேந்திர ஹிர்வானி, தன் முதல் டெஸ்டில், 136 ரன்னுக்கு 16 விக்கெட். பிட்ச் சரியாகத் தயாராகவில்லை என்று இன்றுவரை சொல்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் கிரண் மோரே அந்த ஆட்டத்தில் செய்த 6 ஸ்டம்பிங்கையும் சேர்த்துப் பாருங்கள். வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் ஹிர்வானியை அடித்துத் துரத்தத்தான் இறங்கி வந்தார்கள். பத்தொன்பது வயதுப் பையன் பந்தை மேலே தூக்கிப் போடுவதை நிறுத்தவே இல்லை. அந்த வருஷம்தான் வாசுதேவன் தலைமையில் தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையை இரண்டாவது தடவையாக வென்றது; அவரும் ஒரு இடதுகை ஸ்பின்னர். எங்களுக்கெல்லாம் அது பொற்காலமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை இறுதி ஆட்டம் வரைக்கும் போயும் அந்தக் கோப்பை இன்னும் சென்னைக்குத் திரும்பவில்லை.

இன்னொன்று 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கு. முதுகு வலியோடு டெண்டுல்கர் 136. சக்லைன் முஷ்டாக்கைப் பவுண்டரி பவுண்டரியாக அடித்துக்கொண்டிருந்தார். அரங்கம் எழுந்து நின்றது, ஜெயிக்க இன்னும் 17 ரன். கேப்டன் வாசிம் அக்ரம் சக்லைன் கையிலிருந்து பந்தை வாங்கவில்லை. அடுத்து வந்த ஒரு பந்து, எதிர்ப்பக்கம் திரும்பியது, டெண்டுல்கர் அடித்தது மேலே எழும்பியது, வாசிமே பிடித்தார். மீதி மூன்று விக்கெட்டும் நான்கு ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. அழுதவர்களை நான் பார்த்தேன். பிறகு பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி ஓடியபோது, தோற்ற ஊர் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் கைதட்டலில் நானும் இருந்தேன். ஜெயித்ததும் தோற்றதும் எந்த வழியாக வந்தன என்பதை நான்கு நாள் உட்கார்ந்து பார்த்த ஜனங்களால்தான் அப்படி எழுந்து நிற்க முடியும் என்று இன்றும் நம்புகிறேன்.

இதைப் படிக்கிற இளைஞர்கள், பழைய ஆள் பழைய காலத்தைப் பெரிதாகப் பேசுகிறார் என்று நினைக்கக்கூடும். அப்படி இல்லை. பழைய ஏணியில் எத்தனை பேருக்குக் கால் வைக்கவே இடம் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். என்னோடு ஆடியவர்களில் முக்கால்வாசிப் பேர் சென்னையில் நான்கைந்து பள்ளிகளிலிருந்து, மூன்று நான்கு கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். சேலத்துக்கு அந்தப் பக்கம் சின்னப்பம்பட்டியில் ஒரு பையன் டென்னிஸ் பந்தில் யார்க்கர் போடுகிறான் என்றால், அன்றைக்கு அது யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த ஊர் நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் அப்படி ஆன முதல் இந்தியர். தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் ஐ.பி.எல்லும் இல்லாமல் அது நடந்திருக்குமா? நடந்திருக்காது.

வருண் சக்கரவர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடக் கலை படித்தவர், டென்னிஸ் பந்து ஆட்டங்களில் விரலில் வித்தை பழகியவர். 2018 தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கண்ணில் பட்டார், அந்த வருஷக் கடைசி ஏலத்தில் 8.4 கோடிக்குப் போனார். 2025 சாம்பியன்ஸ் டிராபியில் நியூசிலாந்துக்கு எதிராக 42 ரன்னுக்கு 5 விக்கெட். முதல்தர ஆட்டம் அவர் ஆடியது ஒன்றே ஒன்று. எங்கள் தலைமுறை, இருபது ஓவர் ஆட்டம் வந்தால் ஸ்பின் செத்துவிடும் என்றது. அது தவறு என்று வருண் நிரூபித்தார். ரஷீத் கான் உலகம் முழுக்க நிரூபித்தார். இன்று உலகில் எந்த இருபது ஓவர் அணியும் ஒரு லெக் ஸ்பின்னர் இல்லாமல் இறங்க யோசிக்கும். இதில் எனக்கு மனப்பூர்வமான சந்தோஷம்.

பணமும் அப்படியே. 2023 முதல் 2027 வரை ஐந்து வருஷத்துக்கு ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி. எங்கள் காலத்தில் லீக் ஆட்டத்துக்குக் கிடைத்தது மதியச் சாப்பாடும் பஸ் காசும். இன்று 40 ஆட்டத்துக்கு மேல் ஆடிய ரஞ்சி வீரருக்கு ஒரு நாளைக்கு 60,000 ரூபாய் தருகிறது வாரியம். என்னோடு ஆடி, முழங்காலைக் கெடுத்துக்கொண்டு, பிள்ளைகளின் படிப்புக்குக் கடன் வாங்கியவர்களை நினைக்கும்போது, இந்தப் பணம் ஐம்பது வருஷம் முன்பே வந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றுகிறது.

என் கவலை இதற்குக் கீழே, கண்ணில் படாத படியில் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் பயிற்சி முடிந்த ஒரு மாலை. பதினாலு வயதுப் பையன் ஒருவன், நல்ல கை, மணிக்கட்டு அழகாகத் திறக்கும். அவன் அப்பா என்னைத் தனியாக அழைத்தார்.

“சார், போன வாரம் மேட்ச்ல ஒரே ஒரு ஓவர்தான் குடுத்தாங்க. அதுல பதினெட்டு ரன் போயிடுச்சு. அப்புறம் பந்தே குடுக்கல. லாங் ஆன்லயே நின்னான்.”

“எத்தனை ஓவர் மேட்ச் சார்?”

“இருபதுதான். எல்லாமே இப்ப இருபது, இருபத்தஞ்சுதானே சார். அதான் கேக்கறேன், லெக் ஸ்பின்னை விட்டுட்டு பேட்டிங்ல கவனம் வைக்கச் சொல்லலாமா? இல்ல, வேகமா ஃபிளாட்டா போடச் சொல்லலாமா?”

பையன் கிட் பையின் ஜிப்பை மூடுகிற மாதிரி குனிந்து, நாங்கள் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தான். அவர் கேட்டதில் குற்றம் இல்லை. அகாடமிக் கட்டணம், பல்லாயிரம் ரூபாய்க்கு மட்டை, ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன் ஸ்கூட்டரில் நகரத்துக்கு வெளியே இருக்கிற ஏதோ ஒரு மைதானம். அவ்வளவும் செய்த பிறகு மகன் ஒரு ஓவர் போட்டுவிட்டு மீதி நேரம் சும்மா நிற்பதைப் பார்க்கிறார். அந்த அணியின் பயிற்சியாளரையும் சொல்லிப் பயனில்லை. ஜெயித்தால்தான் அடுத்த வருஷம் சேர்க்கைக்கு ஆள் வரும். பதினெட்டு ரன் கொடுத்த பையனுக்கு அவர் எப்படி இன்னொரு ஓவர் தருவார்?

மாநில அணிக்குத் தேர்வாகிவிட்டால் கதை வேறு. 16 வயதுக்குட்பட்டோருக்கான விஜய் மெர்ச்சன்ட் கோப்பையில் மூன்று நாள் ஆட்டம் உண்டு, 19 வயதுக்குட்பட்டோருக்கான கூச் பிகார் கோப்பையில் நான்கு நாள். ஆனால் அது தேர்வான பதினைந்து பேருக்கு. லெக் ஸ்பின்னர் அந்த வயதில் தேர்வாகிற மாதிரி இருப்பதே அபூர்வம். அவன் தாமதமாகப் பழுக்கிறவன். பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வரைக்கும் இருபது ஓவர் ஆட்டங்களில் வடிகட்டினால், மிஞ்சுவது வேகமாக, தட்டையாக, ஸ்டம்ப்பைப் பார்த்துப் போடுகிறவர்கள்தான். பந்தைத் தூக்கிப் போடத் தைரியம் உள்ளவன் பதினாலு வயதிலேயே லாங் ஆனுக்குப் போய்விடுகிறான். எங்கள் சிவா, சிவராமகிருஷ்ணன், 1984-ல் பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 12 விக்கெட் எடுத்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. அவ்வளவு சீக்கிரம் மலர்ந்தவருக்கே 9 டெஸ்ட்தான் கிடைத்தது. மெதுவாக மலர்கிறவனுக்கு யார் காத்திருப்பார்கள்?

இதனால் நஷ்டம் ஸ்பின்னருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். தூக்கிப் போடுகிறவன் கீழே இல்லையென்றால், அவனை ஆடக் கற்றுக்கொள்ளும் பேட்ஸ்மேனும் இருக்க மாட்டான். 2024 அக்டோபரில் புனேயில் மிட்செல் சான்ட்னர் ஒரே ஆட்டத்தில் 13 விக்கெட் எடுத்தார். நியூசிலாந்து அந்தத் தொடரை 3-0 என்று ஜெயித்தது. சொந்த மண்ணில் வரிசையாக 18 தொடர் ஜெயித்த இந்தியா, இடதுகை ஸ்பின்னை ஆடத் தெரியாமல் தோற்றது. அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்காவும் வந்து 2-0 என்று எடுத்துப்போனது. தோல்வி வரும், போகும். ஆனால் சேப்பாக்கத்தில் உட்கார்ந்து விஸ்வநாத்தைப் பார்த்தவனுக்கு, நம் ஆட்கள் முன்காலை நீட்டுவதா பின்காலில் போவதா என்று தெரியாமல் நிற்பதைப் பார்ப்பது தாங்கவில்லை. ஒருநாள் முழுக்க ஸ்பின்னை ஆடிப் பழகும் இடம் அவர்கள் வளரும்போது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. பிட்ச்சைப் பற்றியே பேசினார்கள்.

வெளியிலும் நிலைமை இதுதான். 2024 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா தன் உள்நாட்டு இருபது ஓவர் லீக்குக்காக முக்கிய வீரர்களை வைத்துக்கொண்டு, நியூசிலாந்துக்கு ஒரு டெஸ்ட் அணியை அனுப்பியது. அந்த அணியின் கேப்டனே அதுவரை ஒரு டெஸ்ட்டும் ஆடாதவர். மறுவருஷம் அதே நாடு லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து உலக டெஸ்ட் சாம்பியன் ஆயிற்று. பல வருஷம் கோப்பையே இல்லாமல் ஏங்கிய அந்த அணியின் வீரர்கள் அன்று அழுததைப் பார்த்தவர்கள், டெஸ்ட் ஆட்டத்தின் மேல் வீரர்களுக்கே ஆசை போய்விட்டது என்று சொல்ல மாட்டார்கள். வீரர்களுக்கு ஆசை இருக்கிறது. வெஸ்ட் இண்டீஸில், படகில் மட்டுமே போக முடிந்த ஒரு கிராமத்திலிருந்து வந்து, காவலாளியாக வேலை பார்த்த ஷமார் ஜோசப், 2024-ல் பிரிஸ்பேனில் கால்விரல் வலியோடு 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்தார். அதே வெஸ்ட் இண்டீஸ் 2025 ஜூலையில் 27 ரன்னுக்கு ஆல் அவுட். ஆசையும் திறமையும் உள்ள ஊரில் அடித்தளம் இல்லையென்றால் இப்படிப்பட்ட வெற்றியும் தோல்வியும் மாறி மாறித்தான் வரும்.

எனக்கு நம்பிக்கை தருகிற ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் சேப்பாக்கத்தில் பெண்கள் டெஸ்ட் பார்த்தேன், இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும். ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, முதல் விக்கெட்டுக்கே 292. இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. பிறகு ஸ்னேஹ் ராணா ஆஃப் ஸ்பின் போட்டு ஒரே இன்னிங்சில் 8 விக்கெட் எடுத்தார். ஃபாலோ ஆன் வாங்கிய தென்னாப்பிரிக்கப் பெண்கள் இரண்டாவது இன்னிங்சில் மணிக்கணக்கில் நின்றார்கள். ராணாவும் மற்றவர்களும் மறுபடி மறுபடி வந்து போட்டார்கள். அடி வாங்கினால் பீல்டை மாற்றினார்கள், கோணத்தை மாற்றினார்கள், பந்தைத் தூக்கிப் போடுவதை விடவில்லை. அதைப் பார்த்தபோது எங்கள் கிளப் பெரியவரின் ஞாபகம் வந்தது. பெண்களுக்கு டெஸ்ட் கிடைப்பதே வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ. அவ்வளவு குறைவாக ஆடியும் அந்த ஆட்டத்தை அவர்கள் இப்படி ஆடுகிறார்கள் என்றால், கூடுதலாகக் கொடுத்தால் என்ன செய்வார்கள்!

2025 நவம்பர் 2-ஆம் தேதி அவர்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு என்னிடம் பயிற்சிக்கு வரும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது. பந்தைத் திருப்ப வேண்டும் என்று ஆசையோடு வருகிறார்கள். விரல் கிழிந்தால் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு மறுநாள் வருகிறார்கள். அவர்களுக்கும் வார இறுதி ஆட்டம் இருபது ஓவர்தான்.

2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட் இருக்கும், இருபது ஓவர் ஆட்டமாக. புது நாடுகள் வரும், புது ரசிகர்கள் வருவார்கள். வரட்டும். உச்சியில் எந்த ஆட்டம் ஆடப்படும் என்பதைச் சந்தை முடிவு செய்யும். அதைத் தடுக்க என்னாலும் முடியாது, உங்களாலும் முடியாது. ஆனால் பதினாலு வயதுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எத்தனை ஓவர் போட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஒளிபரப்புக் கம்பெனி அல்ல. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர், அகாடமி நடத்துகிறவர், மாவட்டச் சங்கத்துக்காரர், மைதானத்துச் சாவியைக் கையில் வைத்திருக்கிறவர், இவர்கள்தான். நடராஜன் சம்பாதித்த பணத்தில் தன் கிராமத்திலேயே ஒரு மைதானம் கட்டி 2023-ல் திறந்தார். தனி ஒருவர் அதைச் செய்திருக்கிறார்.

அந்தப் பையனின் அப்பாவிடம் நான் சொன்னது இதுதான்: “அவன் லெக் ஸ்பின்னையே போடட்டும் சார். மேட்ச் நான் ஏற்பாடு பண்றேன்.” சொன்னபடி, பழைய லீக் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பள்ளி மைதானத்தைக் கேட்டு வாங்கினோம். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஆட்டம். விதி ஒன்றே ஒன்றுதான் வைத்தோம்: ஒவ்வொரு ஸ்பின்னரும் குறைந்தது பன்னிரண்டு ஓவர் போட்டே ஆக வேண்டும், எவ்வளவு ரன் போனாலும் சரி. அந்தப் பையன் முதல் நாள் நன்றாக அடி வாங்கினான். இரண்டாம் நாள் காலையில் கையில் பந்தோடு அவனே வந்து நின்றான்.

உங்கள் பள்ளியிலோ ஊரிலோ ஒரு மைதானம் இருந்தால், இந்தக் கோடை விடுமுறையில் பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பையன்களுக்கும் பெண்களுக்கும் இப்படி ஒரு இரண்டு நாள் ஆட்டம் நடத்துங்கள். அம்பயராக நிற்கவும் ஸ்கோர் எழுதவும் எங்களைப் போல ஆடி ஓய்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் போதும். மதியச் சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு வந்துவிடுவோம்.